முதலிடத்தில் இருந்த பாட்டு

மார்கழி மாதத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் நான் உபன்யாசம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. நாற்பத்து மூன்று வயது, நெற்றியில் ஸ்ரீசூர்ணம், மடியில் டிபன் பை. இப்படி ஒருத்தி, படுக்கையறையில் உட்கார்ந்து யாரோ ஒரு பையன் லேப்டாப்பில் செய்த பாட்டைக் கேட்கிறாள் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

எனக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது என்றில்லை. அதை நான் தேடிப் போக வேண்டியதில்லை, டீக்கடையே போட்டுக் காட்டிவிடும். கம்பெனி இல்லாமல், ஸ்டுடியோ இல்லாமல், தன் வீட்டில் தானே பாடி, தானே இசை சேர்த்து, நூறு பேர் கேட்டால் போதும் என்று இணையத்தில் விட்டுவிடுகிறார்களே, அந்தப் பாட்டுகள்தான் எனக்கு உயிர். வருடம் முழுக்கத் தேடித் தேடிக் கேட்டு, டிசம்பர் கடைசியில் பத்துப் பாட்டுகளின் பட்டியல் ஒன்றை என் பக்கத்தில் போடுவேன். ஆறு வருடமாகப் போடுகிறேன். அதைப் படிக்க ஒரு சிறு கூட்டம் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் எனக்குக் ‘காது அக்கா’ என்று பெயர். பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, அது எந்த மாதிரி இடத்தில் பதிவானது என்று நான் ஊகித்து எழுதுவேன். பின்னால் ஓடும் ஃபேன் எத்தனையில் இருக்கிறது, கதவு மரமா இரும்பா, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறதா என்பதெல்லாம் அதில் வரும். ஒரு முறை, பாடியவரே வந்து, “நீங்க சொன்ன மாதிரி பீரோவுக்குள்ள தலைய விட்டுத்தான் பாடினேன்” என்று எழுதினார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டைவிட அந்த ஊகத்தைப் படிக்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

போன வருடம் நல்ல வருடம். மலையூர் ஒன்றிலிருந்து அண்ணன் தங்கை இருவர் கன்னடத்தில் பாடிய நான்கு பாட்டுகள் கிடைத்தன. ஹாஸ்டல் மொட்டைமாடியில் கிடார் வாசித்துவிட்டு நடுவில் தும்மிய ஒருவன் கிடைத்தான். தும்மலை அவன் வெட்டவில்லை என்பதற்காகவே அவனுக்கு நான்காம் இடம் கொடுத்தேன். ஆனால் முதலிடம் யாருக்கு என்பதில் எனக்கு ஆடி மாதத்திலிருந்தே சந்தேகம் இருக்கவில்லை.

படமும் பெயரும் இல்லாத ஒரு கணக்கிலிருந்து வந்த ஒரே ஒரு பாட்டு அது. மூன்று நிமிடம்கூட இல்லை. ஒரு பெண் குரல், ஒரு சின்ன கீபோர்டு. “கதவு சாத்தியாச்சு, சாத்தமுது ஆறுது, இன்னும் ஒரு வாய்” என்று தொடங்கும். யாரையோ சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். “வாசல்ல யாரும் இல்ல, பயப்படாதே, இன்னும் ஒரு வாய்” என்று இரண்டாவது சரணம். அவ்வளவுதான் பாட்டு. முதல் முறை கேட்டபோது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்க மறந்து ஜங்ஷன் வரை போய்விட்டேன்.

சாத்தமுது என்றால் ரசம். எங்கள் வீடுகளில் ரசம் என்று சொல்ல மாட்டோம். பாயசம் திருக்கண்ணமுது, சமையல் தளிகை. வெளியே போகும்போது செருப்பை மாட்டிக்கொள்வதுபோல் ‘ரசம்’ என்ற சொல்லையும் மாட்டிக்கொண்டு போவோம், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுவோம். ஒரு பாப் பாட்டில் அந்தச் சொல் இவ்வளவு சாதாரணமாக வந்து விழுந்ததைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

“நம்மவாதான்” என்றார் அவர். “வேற யார் சாத்தமுதுன்னு சொல்லப் போறா? இந்த ஊர்ப் பொண்ணாதான் இருக்கும்.”

எனக்கும் அதே எண்ணம்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பட்டியலைப் போட்டபோது முதலிடப் பாட்டுக்குக் கீழே ஒரு பத்தி நீளத்துக்கு எழுதினேன். இது எங்கள் ஸ்ரீரங்கத்துப் பெண். ஐயங்கார் வீட்டில் பிறந்து வளர்ந்த நாக்குக்குத்தான் இந்தச் சொல் இப்படி வரும். இரண்டாவது சரணம் முடியும்போது ரயில் ஹாரன் கேட்கிறது, உடனே ஓசை தடதடவென்று மாறுகிறது, ஆகவே ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறுகிறது, வீடு அதற்குக் கிட்டத்தில். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே மாடி. கீபோர்டை இரண்டே விரலில் வாசிக்கிறாள், அந்த அடக்கம்தான் அழகு. இத்தனையும் எழுதி, ‘நடந்து போனால் ஒரு மணி நேரத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவேன்’ என்று ஒரு வேடிக்கையும் சேர்த்தேன். அந்த வரியை எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் அந்தப் பெயரில்லாத கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

“அக்கா, வீடு எங்க இருக்குன்னு எழுதினத எடுத்துடுங்க. தயவு செஞ்சு உடனே எடுத்துடுங்க.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்படி ஒரு முதலிடம் கொடுத்திருக்கிறேன், ஒரு நன்றி இல்லை. “ஏம்மா, யாருக்குத் தெரியப் போகுது?” என்று கேட்டேன். பதில் துண்டு துண்டாக வந்தது. அவள் கணவனை விட்டுவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. கேஸ் நடக்கிறது, வக்கீல் அம்மா இருக்கிறார். இருக்கும் இடம் மட்டும் அவனுக்குத் தெரியக் கூடாது. குரலைக்கூடக் கொஞ்சம் மேலே ஏற்றித்தான் பாட்டைப் போட்டிருக்கிறாள்.

“அவருக்கு இந்தப் பாட்டெல்லாம் எப்படிக் கண்ணில் படும்?” என்று கேட்டேன்.

“கீபோர்டு வாங்கிக் குடுத்ததே அவருதான்க்கா. உங்க லிஸ்ட்ட வருஷா வருஷம் படிப்பாரு. உங்கள எனக்குத் தெரிஞ்சதே அவரு மூலமாத்தான்.”

உட்கார்ந்த இடத்திலேயே அந்த வரிகளை எடுத்தேன். ரயில், பாலம், மாடி, தொட்டி, என் வேடிக்கை எல்லாம் போயின. ‘எங்கள் ஸ்ரீரங்கத்துப் பெண், ஐயங்கார் வீட்டில் பிறந்தவள்’ என்ற வரிக்கு வந்து, இதையும் எடுக்கிறேன் என்று எழுதியபோது அவளே தடுத்தாள்.

“அது இருக்கட்டும்க்கா. அத மட்டும் எடுக்காதீங்க. நான் ஐயங்கார் இல்ல, அதப் படிச்சா வேற யாரோன்னு நெனச்சுக்குவாரு. எங்க ஊரு உப்பிலியபுரம் பக்கம்.”

ஸ்ரீரங்கத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு மாமியைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் அவள். மாமியோடு அதே வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். ரசம் என்று சொன்னால் மாமி வாயைத் திறப்பதில்லையாம், சாத்தமுது என்றால்தான் திறப்பாளாம். சொல்லிச் சொல்லி இப்போது தனக்கே ரசம் என்று வாயில் வருவதில்லை என்று எழுதினாள். பாட்டில் வரும் அந்த ‘இன்னும் ஒரு வாய்’ மாமிக்கு. வாசலில் யாரும் இல்லை என்பது தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. கடைசியாக, நான் கேட்காமலே, இரண்டு விரலைப் பற்றியும் சொன்னாள்.

“அது அடக்கம் இல்லக்கா. மத்த விரலு உடைஞ்சு சேந்தது, சரியா மடங்காது.”

அந்த வரியையும் எடுத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் இன்னொருத்தி கெட இருந்தாள். காது காது என்று ஆறு வருடம் பீற்றிக்கொண்டேனே, அந்தக் காதுக்கு ஒரு விரல் உடைந்தது கேட்கவில்லை.

அவன் பெயரைக் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள். “நீங்க எதாவது பேசிடுவீங்க” என்றாள். அதனால் பட்டியலுக்கு விருப்பம் போட்ட ஒவ்வொரு ஆணின் பெயரையும் அழுத்திப் பார்த்தேன். பைக் படம் வைத்தவன், சாமி படம் வைத்தவன், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவன். எல்லோரும் எனக்கு வருடக்கணக்காகத் தெரிந்தவர்கள். நன்றி அக்கா, சூப்பர் அக்கா என்று எழுதியவர்கள். இவர்களில் ஒருவன்தான் அவன், யார் என்று தெரியாமல் எல்லோருக்கும் நான் இதயம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் தில்லைநகரில் நான் வேலை பார்க்கும் லேபில், காலை நேரத்துக் கூட்டம் குறைந்ததும் என்னோடு ரத்தம் எடுக்கும் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் பாலக்கரைக்காரி. பாத்திமா என்றோ ஆயிஷா என்றோ வைத்துக்கொள்ளுங்கள், பெயர் இங்கே வேண்டாம். அவள் ஊசி உறையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஒரு வார்த்தைய வெச்சு ஐயங்கார்னு முடிவு பண்ணிட்டீங்களாக்கா? என் பொண்ணு பக்கத்து வீட்டு மாமிகிட்டக் கத்துக்கிட்டு வீட்டுல தளிகை ஆச்சான்னு கேக்குறா. அவங்க அத்தா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அதுக்காக அவ உங்க ஆளாயிட்டாளா?”

எங்கள் சொல் எங்களிடம்தான் இருக்கும் என்று நினைத்தது பெரிய அசட்டுத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஒன்று. நான் நினைத்த அதே அசட்டுத்தனத்தை அவனும் நினைக்க வேண்டும். அவளைக் காப்பாற்ற இப்போது அது ஒன்றுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கேள்வி வந்தது. பட்டியலின் கீழே, எல்லோரும் பார்க்கும்படி, மிகவும் மரியாதையாக.

“மேடம், முதல் பாட்டுக்குக் கீழ ரயில், பாலம்னு ஏதோ எழுதியிருந்தீங்களே. இப்ப காணோம். ஏன் எடுத்துட்டீங்க?”

அவனை எனக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் முதல் ஆளாக வந்து நன்றி சொல்பவன். போன வருடம் ஒரு பாட்டில் ஓடுவது டேபிள் ஃபேனா சீலிங் ஃபேனா என்று அவனும் நானும் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறோம். கடைசியில் அவன் சொன்னதுதான் சரி. எனக்கு அடுத்தபடியாக அந்தக் கூட்டத்தில் கூர்மையான காது அவனுடையது என்று நானே எழுதியிருக்கிறேன்.

கேள்வியைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. எனக்கு எதிரே சர்க்கரை பார்க்க வந்த பெரியவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசியைத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். நான் மாடிப்படியில் போய் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரே சொல் வந்தது.

“அவருதான்.”

பதில் சொல்லாமல் விட்டால் சந்தேகம் வரும். தப்பாகக் கேட்டுவிட்டேன், அது ரயிலே இல்லை என்று சொன்னால் அவன் மறுபடி கேட்டுப் பார்ப்பான், ரயில்தான் என்று அவனுக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவன் காதை ஏமாற்ற முடியாது. எங்கள் வீட்டு நாக்கை வைத்துத்தான் அவனை ஏமாற்ற வேண்டும்.

நான் இணையத்தில் ஒருநாளும் வீட்டுப் பேச்சில் எழுதியதில்லை. லேபில், பஸ்ஸில், எங்குமே அப்படிப் பேச மாட்டேன். அன்று மாடிப்படியில் நின்றபடி, எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று பேசுவது போலவே எழுதினேன்.

“அதுவா, அது எங்காத்துக் கொழந்தைதான். என் ஓர்ப்படி பொண்ணு. லீவுக்கு வந்திருக்கச்சே, தளிகை ஆனதும் கீபோர்ட வாசிச்சுண்டு ஃபோன்ல பாடி வெச்சுட்டா. ஆம் எங்கே இருக்குன்னெல்லாம் ஊருக்குச் சொல்லணுமான்னு அவ அப்பா கோச்சுண்டார். அதான் எடுத்துட்டேன்.”

என் கணவரின் தம்பிக்குப் பெண்ணே கிடையாது, இரண்டும் பையன்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது.

“உங்க வீட்டுலதான் பாடினாங்களா மேடம்? ரயில் சத்தம் கேக்குதே.”

எங்கள் வீடு உத்திர வீதியில். அங்கே கோயில் மைக் கேட்கும், பூக்காரி குரல் கேட்கும், ரயில் கேட்காது. யோசித்தால் பயந்துவிடுவேன் என்று யோசிக்காமல் எழுதினேன்.

“எங்காத்து மாடிலதான். ரயில் நாள்பூரா போயிண்டிருக்கும். ஏகாதசி சேவிக்க வந்தேள்னா ஆத்துக்கு வாங்கோ. நல்ல சாத்தமுதா ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போகலாம்.”

அனுப்பிய பிறகுதான் செய்த காரியம் புரிந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? இல்லாத ரயிலை எங்கிருந்து கொண்டுவருவேன்? அவனை ஊருக்குள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன். அவள் இருக்கும் ஊருக்கு. அவள் கடைக்குப் போவாள், மாமிக்கு மருந்து வாங்கப் போவாள், ஏகாதசிக் கூட்டத்தில் ஏதோ ஒரு திருப்பத்தில் எதிரே வந்துவிட்டால்? தோழியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, “யா அல்லாஹ், இத ஏங்க்கா எழுதினீங்க?” என்றாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. பஸ்ஸில் ஹெட்ஃபோன் போடவில்லை. காவிரிப் பாலத்தில் கூட்டத்தால் பஸ் ஊர்ந்தது. ஏகாதசித் திருவிழாவின் பகல்பத்து ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தான். அம்மாமண்டபம் தாண்டும்போது ஃபோன் அதிர்ந்தது. கையில் வைத்துக்கொண்டே அடுத்த ஸ்டாப் வரை பார்க்காமல் வந்தேன்.

“பரவால்லீங்க மேடம். குரல் என் வைஃப் மாதிரியே இருந்துச்சு, அதான் கேட்டேன். அவளுக்குச் சாத்தமுதுன்னா என்னன்னே தெரியாது. ரசம்னுதான் சொல்லுவா. தொந்தரவு பண்ணதுக்கு ஸாரி.”

இறங்கி, கோபுரத்துக்கு வெளியே ஒரு கடையின் ஓரத்தில் நின்று அதை மூன்று முறை படித்தேன். மனைவிக்கு எந்தச் சொல் தெரியும், எது தெரியாது என்பதில் அவனுக்கு இருந்த உறுதியைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது. அந்த உறுதிதான் அவளைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. அவளுக்கு அதை அனுப்பினேன். இந்த முறை உடனே பதில் வந்தது.

“ரொம்ப நன்றிக்கா. பாட்ட எடுத்துடுறேன். திரும்பத் திரும்பக் கேட்டாருன்னா கண்டுபிடிச்சுடுவாரு.”

வேண்டாம் என்று அடிக்க விரல் துடித்தது. நான் கேட்டதிலேயே நல்ல பாட்டு அது. ஆனால் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? அதை எடுக்க வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்தவளே நான்தான். “உனக்கு எது நல்லதோ அதைச் செய்” என்று எழுதினேன். “பாடறத மட்டும் விட்டுடாதே” என்றும் எழுதினேன்.

“மாமிக்குப் பாடுறேன்க்கா. அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க.”

அன்று மாலைக்குள் பாட்டும் போனது, கணக்கும் போனது. மன்னித்துவிடு என்று நான் தாமதமாக அடித்த செய்தியைப் பெற்றுக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

அதற்கு மறுநாள்தான் கூட்டம் என் மேல் பாய்ந்தது. தெரிந்தவர்கள் பாட்டைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன் என்பது நானே போட்டு, வருடா வருடம் மேலே எழுதிவைக்கும் விதி. ஓர்ப்படி பெண்ணுக்கு முதலிடமா என்று ஒருவர் கேட்டார். ஊர்ப் பெண், ஐயங்கார் வீட்டுப் பெண் என்று ஊரையே கூட்டிவிட்டுக் கடைசியில் தன் வீட்டுப் பெண்ணா என்று இன்னொருவர். மாட்டிக்கொண்டதும் பாட்டையே நான் எடுக்கச் சொல்லிவிட்டதாகப் பேசினார்கள். மலையூர் அண்ணன் தங்கைக்குப் போக வேண்டிய இடம் அது என்று எழுதியவர்கள் பலர். அவனும் வந்து, “விடுங்க, மேடம் தெரியாம பண்ணியிருப்பாங்க” என்று எனக்காகப் பரிந்து பேசினான். அதற்குப் பலர் விருப்பம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். போடாவிட்டால் நன்றாக இருக்காது.

என் கணவர் அதையெல்லாம் படித்துவிட்டு, “உண்மையைச் சொல்லிடேன், உன் பேர் கெட்டுப் போறதே” என்றார். சொன்னால் அவன் படிப்பான் என்றேன்.

கடைசியில், ஆறு வருடமும் பட்டியலை விடாமல் படித்துவந்த ஒரு பெண் எழுதினாள்: “இனிமே உங்க காத எப்படிக்கா நம்புறது?”

நம்ப வேண்டாம் என்று எழுதினேன். அந்தப் பட்டியலில் நான் எழுதியதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான்.